புளியமரத்தடி மீன்முள்

1952, தை 4
குளம் தளும்பி நிற்கிறது. புறவாசல் புளியமரத்தில் நீர்க்காகமும் கொக்கும் கூடு கட்டி ஒரே இரைச்சல். துணி காயப்போட வழியில்லை, எல்லாம் எச்சம். அது கிடக்கட்டும். இன்று மரத்தடியில் மீன்முள் கிடந்தது. சைவ வீட்டில்! யார்?

தை 5
செதிலும் கிடக்கிறது. இந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள் மருமகள் வடிவாம்பாள் ஒருத்திதான். சைவக்குடிதான்; ஆனால் வளர்ந்தது குளச்சலில். அவள் அப்பாவின் பலசரக்குக் கடையைச் சுற்றி மீன்காரர்கள். மகனோ திருவனந்தபுரத்தில் வேலையில் இருக்கிறான். இவள் இங்கே யாருக்குப் பயப்படப் போகிறாள்?

தை 8
சோறு இறங்கவில்லை. எதை எடுத்தாலும் கவிச்சி. அடுக்களையில் ஒவ்வொரு பானையாக மோந்து பார்த்தேன். “உமக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்கிறாள் என் பெண்டாட்டி தாணம்மாள். இவளும் உடந்தையோ?

தை 11
இன்று முழு மீன். வடிவாம்பாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் சுளிக்கக்கூட இல்லை!
“இது கெளுத்தியாக்கும் மாமா. குளத்து மீனு.”
பிடிபட்டாள். தின்னாதவளுக்குப் பேர் எப்படித் தெரியும்?
“கடைக்கு எதுத்தாப்புல மீன் சந்தை மாமா. பேரு தெரியாம இருக்குமா?” என்று அழுதாள். நடிப்பு.

தை 12
வடிவாம்பாளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். மகன் வந்ததும் சொல்ல வேண்டும், இனி இவள் நமக்கு வேண்டாம் என்று.

தை 15
மரத்தடியில் மறுபடி மீன். அவள்தான் இல்லையே!

தை 16
காலையில் மரத்தடியில் ஒளிந்து நின்றேன். குளத்திலிருந்து வந்த நீர்க்காகம் கூட்டில் இறங்கியது. குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை விட்டு மீனை இழுத்தது. மீன் நழுவி என் தோளில் விழுந்தது. சீ!
என்னையே திட்டிக்கொண்டேன்: அட பாவி, கோலப்பா! பிறந்ததிலிருந்து இந்தப் பறவைகளைப் பார்க்கிறாய். குஞ்சுக்கு என்ன ஊட்டும் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? அந்தப் பிள்ளையை அழவைத்து அனுப்பினாயே.
யாரும் பார்க்கும் முன் மீனைக் குளத்தில் எறிந்துவிடலாம் என்று வாலைப் பிடித்துத் தூக்கினேன். வேலிக்கு மேல் பக்கத்து வீட்டு ஆறுமுகப்பெருமாளின் தலை.
“என்னவே கையில?”
“கெளுத்தி. குளத்து மீனு.” வாயில் வந்துவிட்டது.
“ஓகோ! பேரெல்லாம் மணிமணியாச் சொல்லுதீரே!”
பறவை போட்டது என்றேன். “சரிதான், சரிதான்” என்று சிரித்துக்கொண்டே போனார்.

தை 17
கோயிலில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. தாணம்மாள்கூட என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறாள்.
முதல் பஸ்ஸுக்குக் குளச்சல் கிளம்புகிறேன். நான் சொல்வதை நம்பக்கூடியவள் வடிவாம்பாள் ஒருத்திதான். நம்புவாளா?