வெளியூரில் போட்ட கோல்

பா டவுன், ஃபிஜி
ஆகஸ்ட் 19, 2012

அன்பு மகள் ஷாயலுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். கடவுள் புண்ணியத்தில் இங்கே நான், அப்பா, தம்பி நீலேஷ் மூன்று பேரும் சௌக்கியம். அந்தக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் எங்கள் சௌக்கியம் முழுசாகும். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா பேப்பர் படிக்கிற பாவனையில் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார். இதுவோ அவரைப் பற்றிய சமாச்சாரம். அதனால்தான் ஆக்லாந்து வருகிற, அப்பாவின் கூட்டாளி சிதிவெனியின் மகள் மேரேயிடம் மாங்காய் ஊறுகாயோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் இருப்பதை ஏர்போர்ட்டில் மறைக்காமல் சொல்லிவிடு என்று அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளத்தில் நனைந்த சுவருக்கு ஒருவழியாகப் பெயின்ட் அடித்தாயிற்று. ஆலை ஓடுகிறது, கரும்பு லாரி வரிசை பாலம்வரை நிற்கிறது, கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் கரி. அப்பாவுக்கு முட்டிவலி, தைலம் தேய்க்கச் சொன்னால் அது ஆட்டக்காரன் முட்டி, அப்படித்தான் இருக்கும் என்கிறார். இவர் ஆடியது ஆலை டீமில் இரண்டு வருஷம், அதில் பாதி நாள் பெஞ்சில். அதைச் சொன்னால் கோபம் வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அந்தப் பையன் அவினேஷைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அப்பா உன்னோடு பேசவில்லை, நீ அழுதுகொண்டிருக்கிறாய். எனக்குத் தெரியாதா? பையன் வீட்டார் நம் ஃபிஜியின் லம்பாசாவில் இருந்து ஆக்லாந்து போன ஹிந்திக்காரர்கள், அதனால்தான் சதாசிவம் முறுக்கிக்கொள்கிறார் என்று அப்பாவைப் பற்றி ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் ஒருநாள் கேட்டேவிட்டேன். எந்த ஜாதியா இருந்தா எனக்கென்ன, எந்தப் பாஷை பேசினா எனக்கென்ன, அந்த ஊர்ப் பேரை மட்டும் என் வீட்டுல எடுக்காத என்றார். பையன் வீடு ஆக்லாந்தில் அந்த வைட்டாக்கரேயில் இருக்கிறதே, அதுதான் அவர் தொண்டையில் சிக்கிய முள்.

அந்த ஆட்டத்தை நீ மறந்திருக்கமாட்டாய், ரேடியோவுக்கு அந்தப் பக்கம் நீதானே உட்கார்ந்திருந்தாய். நம் பா டீம் பசிபிக் கிளப் ஃபைனலுக்குப் போனதே, அந்த வருஷம். இங்கே வைட்டாக்கரேயை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம், டவுனே நம் டீமின் கறுப்புச் சட்டையில் திரிந்தது. அங்கே போய் ஒன்றுக்கு சைபர் என்று தோற்றோம். கூட்டிப் பார்த்தால் இரண்டும் சமம். ஆனால் எதிராளி ஊரில் போடுகிற கோலுக்கு மதிப்பு ஜாஸ்தி என்று ஒரு சட்டம். நம் ஊரில் வந்து அவர்கள் போட்ட அந்த ஒற்றைக் கோல் கப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தோக்காமலே தோத்தோம்டி என்று சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தவர் உன் அப்பா. அந்த வருஷமே நீயும் நர்ஸ் படிப்புக்கு என்று அந்தப் பக்கம் விமானம் ஏறினாய். ஏர்போர்ட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமலே, கப்பையும் எடுத்துக்கிட்டானுங்க, பொண்ணையும் எடுத்துக்கிட்டானுங்க என்றார். இவருக்குப் பந்தாட்டத்தைச் சேர்க்காமல் எதையும் சொல்லத் தெரியாது, ஷாயல். நம் ஃபிஜி ஆஸ்திரேலியாவை அடித்த அன்றைக்கு நான் இங்கே ஆஸ்பத்திரியில் பிரசவ வலியில் துடிக்கிறேன், இவர் நாந்தி மைதானத்தில். தொண்டை கட்டிப்போய் வந்து நின்று, ஜெயிச்சிட்டோம் என்றார். நீலேஷைத் தூக்கிக் காட்டி, இங்கேயும்தான் என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. எந்த ஜெயிப்புக்கு வந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் சிதிவெனியும் குடிக்கக் கவா வேர் கரைத்த சட்டியை நடுவில் வைத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள், லம்பாசாவில் நமக்கும் அந்த ஊர் டீமுக்கும் ஆட்டம். அந்த நேரம் பார்த்துக் கையில் இனிப்புப் பெட்டியோடு ஆக்லாந்திலிருந்து வாசலில் வந்து நின்றார் உன் அவினேஷின் அப்பா ஜெய்நாராயண். ஆட்டம் நடக்கும்போது இந்த ஊரில் இழவுச் செய்தி சொல்லக்கூட யாரும் படியேறமாட்டார்கள், இவர் பெண் கேட்டு வந்திருக்கிறார். நீ அனுப்பிவைத்தாயா, அவராகவே வந்தாரா என்பதை அப்புறம் விசாரித்துக்கொள்கிறேன். அப்பா பாயில் இடம் காட்டிவிட்டு ரேடியோ பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனுஷனும் இனிப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டம் கேட்டார். நான் உள்ளே பூரி போட்டுக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஒரு கத்தல். போட்டான்டா எங்க லம்பாசாக்காரன் என்று. எட்டிப் பார்த்தால் ஜெய்நாராயண் எழுந்து நிற்கிறார், இனிப்பெல்லாம் பாயில் உருளுகிறது, அப்பாவின் கால்சட்டை முழுக்கக் கவா. சிதிவெனி கூரையைப் பார்க்கிறார். போச்சு, நம் பெண்ணின் கல்யாணம் இந்த ஒரு கோலோடு முடிந்தது என்று நான் அடுப்பை அணைத்துவிட்டேன். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். ஷாயல், ஆட்டத்தின் நடுவில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

ஊரை விட்டுப் போயி எத்தனை வருஷமாச்சு என்று அவரிடம் ஹிந்தியிலேயே கேட்டார் அப்பா. கலகம் நடந்த வருஷம் போனோம்ணே, இருபத்தஞ்சு இருக்கும் என்றார் அவர். அங்க இப்ப நீங்க இருக்கிற ஊரு டீம் ஆடினா என்ன செய்வீங்க என்றார் அப்பா. அந்த மனுஷன் சிதறின லட்டைப் பொறுக்கிக்கொண்டே, போவேண்ணே, கை தட்டுவேன், ஆனா கத்தல் வராது, கத்தல் லம்பாசாவுக்கு மட்டுந்தான் வருது, என்ன பண்றதுன்னு தெரியல என்றார்.  அப்பா சிரட்டை நிறைய கவா மொண்டு தன் கையாலேயே நீட்டி, குடிங்க சம்பந்தி என்றார். அவர் வழக்கப்படி கை தட்டி வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். கடைசியில் நம் ஆட்களும் ஒரு கோல் போட்டுச் சமமாக்கினார்கள். அதற்கு அப்பா போட்ட சத்தத்தில் கோழியெல்லாம் வேலி தாண்டிப் போனது.

சாப்பாடு ஆனதும் அப்பாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். முதல் ஆட்டம் இங்க, நிச்சயதார்த்தம் நம்ம வீட்டுல. ரெண்டாவது ஆட்டம் உங்க ஊர்ல, கல்யாணத்த அங்க வச்சுக்கலாம், நான் வர்றேன் என்றார். அந்த ஊருக்கா என்று நான் வாயைக் கிளறினேன். ஊரு என்னடி பண்ணும், பொண்ணு அங்க இருக்கா இல்ல என்கிறார், ஏதோ நான்தான் இத்தனை நாள் வேண்டாம் என்றதுபோல. சிதிவெனி சும்மா இருப்பாரா, ரெண்டும் சமமா முடிஞ்சா அந்தச் சட்டப்படி யாருக்குடா கப்பு என்று சீண்டினார். அந்தச் சட்டத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் விளையாட்டாகப் பேசியதில்லை.  அப்பா சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையில் டீ குடிக்கும்போது அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். அந்தச் சட்டம் சரிதான்னு இப்பத் தோணுதுடி, நீலேஷ் கண்ணு முன்னால இருக்கான், அவன ஒண்ணா எண்ணுறேன், அவ ஒருத்தி தூரத்துல இருக்கா, மனசு அவள ரெண்டா எண்ணுது என்றார். சொல்லிவிட்டு, டீயில் சர்க்கரை இல்லை என்று என் மேல் எரிந்து விழுந்தார். சர்க்கரையெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நீயும் அவினேஷும் நூறு வருஷம் மனமொத்து வாழவேண்டும், உன் கைபட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கவேண்டும், முருகன் துணை இருப்பான். நல்ல பட்டுப்புடவையாக நான் இங்கேயே எடுத்துவைக்கிறேன், அங்கே வாங்கிக் காசைக் கரியாக்காதே. முகூர்த்தம் தீபாவளிக்குப் பிறகே இருக்கட்டும்; அக்டோபரில் மாவட்டப் போட்டி வாரத்தில் வைத்தால் மாலை போட உன் அப்பா வரமாட்டார். இன்னொன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் அடித்தால் நான் என்று நினைத்து மெதுவாக எடுக்காதே, அப்பா பேசப்போகிறார். முதலில் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவார். பேசி முடிக்கட்டும், நீ அதற்குள் அழுதுவிடாதே, அவருக்கு அப்புறம் பேச வராது.

இப்படிக்கு,
உன்னை இரண்டாக எண்ணும் அப்பாவுக்கும் சேர்த்து,
உன் அம்மா சரோஜா