கூடை இருந்த இடத்தில் மழை

மரக்காணம்,
புரட்டாசி 3

அன்புள்ள விஜயலட்சுமி அக்காவுக்கு, மலர்கொடி வணக்கத்துடன் எழுதுவது.

முதலில் என் கண்ணில் பட்டது மழைதான். நீங்கள் பெங்களூரில் உங்கள் கம்பெனியில் செய்து அனுப்பிய புதுக் கேமராவைத் திறந்ததும், திரையின் ஓரத்தில் பழைய கூடைப் படம் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு மேகம், அதன் கீழே மூன்று துளி. ஓர் அரிசி அளவுதான் இருக்கும்.

ஆனியில் நீங்கள் இரண்டாம் முறை உப்பளத்துக்கு வந்தபோது, கேமராத் திரையில் அழுத்துவதற்கு இருக்கும் சின்னப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி இது என்ன என்று கேட்டீர்கள். மலைப் படத்தைப் பார்த்து அம்மா, “இதுகூடத் தெரியாதா, உப்புக் குவியல்” என்றார். நீங்கள் சிரிக்காமல் எழுதிக்கொண்டீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். யாராவது கேள்வி கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தது இல்லாமல் போவதை எப்படிக் காட்டுவாய் என்று கேட்டீர்கள். “மழை” என்றேன். பாத்தியில் பத்து நாள் விளைந்த உப்பை அரை மணி நேரத்தில் கரைத்துவிடுமே, அதை நினைத்துச் சொன்னேன்.

அந்த ஒரு சொல் கேமராவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. நான்கு நாளாக அதையே பார்க்கிறேன் அக்கா. கூடை இப்போது மறு ஓரத்தில் இருக்கிறது, அதை அழுத்தினால் படம் சேர்கிறது. மழையை அழுத்தினால் “அழிக்கட்டுமா?” என்று தமிழில் கேட்டுவிட்டு நிற்கிறது. மழை எங்களை ஒருநாளும் கேட்டதில்லை.

இனி எழுதத்தான் பயம். வைகாசியில் நீங்கள் கொடுத்துவிட்டுப் போன கேமராவில் எல்லாரும் எடுத்த படங்கள் காணாமல் போயினவே, கடைசியாக வைத்திருந்தவர் என்று பழி பச்சமுத்து மாமா மேல் விழுந்தது. “மாமா தொட்டா மிக்சிகூட நின்னுடும்” என்று ராசம்மாள் அத்தை இன்றும் கேலி செய்கிறார். “நான் எதையும் அமுக்கலம்மா” என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இப்போது தண்ணீர் மோட்டார் போடக்கூட வேறு ஆளைக் கூப்பிடுகிறார்.

அழித்தது நான். அவர் வரப்பில் வைத்துவிட்டுக் கைகழுவப் போன நேரம், படமெல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டேன். கூடையில் போட்டால் சேரும் என்றுதானே நினைப்போம். ஒவ்வொரு முறையும் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. ‘யெஸ்’ மட்டும் தெரியும், அதை அழுத்தினேன். மாமா எடுத்த பூநாரைக் கூட்டமும் போய்விட்டது. ஆனியில் வந்தபோது நீங்கள் கூடையைக் காட்டி என்னையே பார்த்தீர்களே, அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

என்னை வெறுக்காமல் இருங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மலர்கொடி

பி.கு.: இதை மாமாவிடம் முழுதும் படித்துக் காட்டிவிட்டு, கேமராவை அவர் கையில் கொடுத்தேன்.