கரை சரிந்த வெள்ளிக்கிழமை

அன்பு மகன் தாஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் வாப்பாவின் வலது கையைத் தவிர இங்கு மற்றதெல்லாம் அல்லாஹ் கிருபையால் சுகம், உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே கத்துகிறாய், எனக்கும் அழுகை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். உன் தங்கை மாஷிதா இதைப் படம் பிடித்து அனுப்புவாள், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ லீவு முடிந்து குவைத்துக்குப் போகும்போது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது அல்லவா, அது ஓயும்வரை குவாரிக்காரர்கள் கடலுக்கும் நம் தெருவுக்கும் நடுவிலிருந்த மணல்மேட்டைத் தோண்டித் தோண்டி லாரியில் ஏற்றினார்கள். சோற்றிலும் மணல், பாயிலும் மணல். நம் கிணறு உப்பாகிவிட்டது, அந்தத் தண்ணீரை ஊற்றினால் பால் திரிகிறது. ஐப்பசியில் காற்று வாடைக்குத் திரும்பி, மழை கல்லெறிவதுபோல் விழுந்ததில், மேடு இருந்த இடத்துப் பள்ளம் கண்மாய் மாதிரி நிரம்பிவிட்டது. அதை வடித்தால்தான் மறுபடி மண் அள்ள முடியும் என்று தெருப்பக்கத்துக் கரையை வெட்ட வந்தார்கள். வெட்டினால் தண்ணீர் நேரே நம் வீடுகளுக்குள்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த ஆம்பளைகள் எல்லோரும் கொட்டுகிற மழையில் கரைமேல் போய் நின்றார்கள், பொம்பளைகள் நாங்கள் பின்னால் நின்றோம். வாப்பா ஜேசிபிக்கு முன்னால் நின்றார். அதை ஓட்டுகிற முனீஸ்வரன் உத்தரகோசமங்கைப் பக்கத்துக்காரன், கடப்பாரையோடு இறங்கி, பெரியவரே ஒதுங்கிப் போயிரும், எம் பொழப்புல மண்ணப் போடாதீரு என்றான். எம் வீட்டுல தண்ணிய விட்டுத்தானா நீ பொழைக்கப் போற என்று வாப்பா கேட்டு வாய் மூடவில்லை, அவர் வலது கையில் ஓங்கி அடித்துவிட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று தெரியாது. கல் பறந்தது, லாரிக் கண்ணாடி நொறுங்கியது, குவாரி ஆட்கள் அரிவாளை எடுத்தார்கள், உன் கூட்டாளி காஜா நவாஸுக்குத் தோளில் வெட்டு விழுந்தது. அந்தக் களேபரத்திலேயே முனீஸ்வரன் மறுபடி ஜேசிபியில் ஏறி, அதன் வாளியைக் கரையில் இறக்கினான். ஊறிப்போயிருந்த கரையின் உள்பக்கம் மட்டும் பள்ளத்துக்குள் சரிந்து வண்டியோடு அவனை உள்ளே இழுத்துக்கொண்டது.

சாகட்டும் என்றுதான் நான் கத்தினேன். காஜா நவாஸ் வெட்டுக் காயத்தோடு குதித்து, மூழ்கிக்கொண்டிருந்தவனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்து கரையில் போட்டான்.

அடிபட்ட எல்லோரையும் இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். நாங்கள்தான் ஆளைக் கொல்ல வண்டியைத் தள்ளிவிட்டோம் என்று குவாரி மேனேஜர் எழுதிக் கொடுக்க, போலீஸ் வாப்பாவையும் காஜா நவாஸையும் பிடிக்க வந்தது. விலா நொறுங்கிக் கிடந்த முனீஸ்வரன் தலையைத் தூக்கி, இவுகள விடுங்க சார், நாந்தேன் அடிச்சேன், கரை தன்னாலதேன் சரிஞ்சுச்சு, என்னைய இழுத்துப் போட்டது அந்தா நிக்கிற தம்பிதேன் என்றான். போலீஸ் திரும்பிப் போனது. தாசில்தார் வந்து குவாரியை நிறுத்திவைத்தார், எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

அவன் அப்படிச் சொன்னதற்குக் குவாரி ஆட்கள் அவன் ஊருக்கே போய், கதவை உடைத்து, அவன் பொண்டாட்டி முருகலட்சுமியைத் தெருவில் போட்டு மிதித்திருக்கிறார்கள். மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஒரு கண் திறக்கவே இல்லை. இனி அந்த ஊருக்கு எப்படிப் போவேன் என்று என்னிடமே கேட்டாள். அவள் புருசன் செய்தது மனசைவிட்டுப் போகவில்லை, ஆனாலும் கையைப் பிடித்து நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். வாப்பா அவளுக்குப் பாய் எடுத்துப் போடு என்றார்.

முனீஸ்வரனை வெட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று நீ ஃபோனில் சொன்னாய். முருகலட்சுமி இப்போது உன் அறையில்தான் படுத்திருக்கிறாள், வாடைக்காற்றில் கதவு அடித்தால்கூட எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். வெட்ட வருகிறவன் அந்தக் கதவை மெதுவாகத் தட்டிவிட்டு உள்ளே வா.

அல்லாஹ் உன் கோபத்தைத் தணித்து, உன் ஆயுசை நீளமாக்கி வைப்பானாக. காஜா நவாஸிடம் மறக்காமல் பேசு, தையல் இன்னும் பிரிக்கவில்லை.

உன் உம்மா,
குல்சும்