வால்டர்மேல் எனக்கு வந்த பொறாமை

வேங்கிக்கால்,
ஐப்பசி 5, புதன்கிழமை

அருணா கண்ணு,

அப்பா எழுதுகிறேன். அண்ணாமலையார் பார்வையில் நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் வலியைக் குறையில் சேர்க்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளை பிரகாஷும் உன் நாய் கடலையும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் ஐம்பது நிமிடம் உன் அம்மாவுடையது, கடைசி இரண்டு நிமிடம்தான் என்னுடையது, அதிலும் அவள் பக்கத்தில் இருந்து நான் சொல்வதைத் திருத்துவாள். என்னோடு பதினெட்டு வருஷம் கண்டக்டராக இருந்த தசரதனை உனக்குத் தெரியும், அவன் மகன் பிரசாத்துக்கு உங்கள் கால்கரியிலேயே வேலை கிடைத்து வெள்ளிக்கிழமை புறப்படுகிறான். தீபாவளி அதிரசமும் எள்ளுப்பொடியும் அவனிடம் கொடுத்தனுப்புகிறோம், அந்தப் பைக்குள் இந்தக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். இதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று உன் அம்மாவுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் போன் கட்டாகிவிட்டது, கரண்ட் போய்விட்டது என்று அம்மா மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள். கரண்ட் எங்கேயும் போகவில்லை. நான்தான் கட் பண்ணினேன். அப்பாவுக்கு ஏதோ கோபம் என்று நீ அம்மாவிடம் இரண்டு முறை கேட்டாயாம், நேற்று தீபாவளி போட்டோ அனுப்பியபோதுகூட எனக்குத் தனியாக ஒன்றும் எழுதவில்லை. கோபம் இல்லை கண்ணு. என்ன என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், சிரிக்காமல் படி.

மாப்பிள்ளைக்குப் பதினைந்து நாள் எண்ணெய் வயலில் வேலை, பதினைந்து நாள் வீடு. தனியாக இருக்கிறாயே என்று எங்களுக்குக் கவலையாக இருந்த சமயத்தில் நீ நாய் எடுத்து வளர்க்கிறேன் என்றாய், வறுத்த கடலை நிறத்தில் இருக்கிறது என்று அதற்குக் கடலை என்று பெயர் வைத்தாய், எனக்கும் சந்தோஷம்தான். பிறகு ஞாயிறுதோறும் வீடியோவில் ஆற்றங்கரை நடைபாதையைக் காட்டினாய், பைன் மரங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகிற அந்த மண்வழியைப் பார்த்து நானும் ஆசைப்பட்டேன். நாய்களுக்கென்று ஒரு பார்க், அதற்குச் சுற்றிலும் வேலி, ஒன்றுக்கு இரண்டு கேட், உள்ளே போனால் கயிற்றை அவிழ்த்துவிடலாம், மனிதர்கள் உட்கார பெஞ்ச் என்று நீ காட்டியபோது, நம் பஸ் ஸ்டாண்டில் மனிதர்கள் உட்காரவே இவ்வளவு பெஞ்ச் இல்லையே என்று சொல்லி நான் சிரித்தேன். அந்த பெஞ்சில்தான் முதல் முறை அவரைப் பார்த்தேன். தொப்பி போட்டு, உயரமாக, பக்கத்தில் ஒரு கிழட்டுக் கறுப்பு நாயோடு. வால்டர், எழுபத்தோரு வயது, மனைவி இறந்துவிட்டார், தினமும் என்னோடு நடக்கிறார் என்று சொன்னாய். நானும் வணக்கம் வைத்தேன்.

அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் வால்டர் சொன்னார்தான். எந்தக் கடையில் பூட்ஸ் வாங்குவது, எந்தப் பாதையில் கரடி வரும், இருமலுக்கு என்ன குடிப்பது. உனக்கு இருமல் வந்ததே எங்களுக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும், அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ எத்தனை தடவை வால்டர் என்கிறாய் என்று விரல் மடக்கிப் பார்த்தேன், பதினொன்று. உனக்குக் கை வலித்த அன்று உன் நாயின் அசிங்கத்தைக்கூட அவரே பையில் எடுத்தாராம், அதைக் கேட்டும் எனக்கு வயிறு எரிந்தது என்றால் நீ நம்ப வேண்டும். உன் அம்மா வேறு, அவள அப்பா மாதிரி பாத்துக்கிறாரு, தங்கமான மனுஷன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அப்பா மாதிரி ஒருத்தர் எதுக்கு, அப்பாவே உயிரோடதான இருக்கேன் என்று நான் ஒருநாள் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூன் மாதம் நீ லைசென்ஸ் வாங்கிய போட்டோ வந்தது. நீ ஓட்டுகிற சீட்டில், வால்டர் பக்கத்து சீட்டில், இரண்டு பேருக்கும் வாய் கொள்ளாத சிரிப்பு. அவருடைய காரிலேயே மூன்று மாதம் கற்றுக்கொடுத்தார், உங்களுக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை என்றாய். அம்மா அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மணிமொழி டீச்சர் கேட் அருகில் என்னைப் பார்த்து, அருணாவுக்கு நீங்களே அப்பவே கத்துக் குடுத்திருப்பீங்கன்னுல்ல நெனச்சேன் சார் என்றார். தப்பாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை, எனக்கு இருக்கிறது. நீ பன்னிரண்டாவது பரீட்சை முடித்து வீட்டில் இருந்த லீவு. கீழ்பென்னாத்தூரில் நம் பழைய வீட்டுக்குப் பின்னால் இருந்த கடலைக் களத்தில், தசரதனுடைய பழைய காரைக் கடன் வாங்கி உன் தம்பி வளவனுக்கு ஓட்டப் பழக்கினேன். அவனுக்கு அப்போது பதினாறுகூட முடியவில்லை. நீ நாலு நாள் களத்து மேட்டில் நின்று பார்த்தாய். அஞ்சாவது நாள், எனக்கும் ஒரு தடவ குடுப்பா என்று கேட்டாய். பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இதெல்லாம், போய் அம்மாவுக்குக் கூட மாட ஒத்தாச பண்ணு என்று சொன்னேன். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டி ஒரு ஆளைக்கூட இடிக்காதவன் என்று எனக்கு மெடல் எல்லாம் கொடுத்தார்கள், அந்த ஒரு நிமிடத்தில் உன்னை இடித்துவிட்டுப் பார்க்காமல் போயிருக்கிறேன். நீ அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நான் பெற்ற பெண் கேட்டு நான் கொடுக்காததை, நாய் பார்க்கில் பழகிய, ஊர் பேர் தெரியாத ஒருவர் கொடுத்துவிட்டார். இதற்கு அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை, அதனால்தான் கோபம் ஜாஸ்தியாக வந்தது.

அந்த வேகத்தில் நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மணிமொழி டீச்சரிடம் ஜிம்மி என்று ஒரு வெள்ளை நாய் இருக்கிறது, அவருக்குக் காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அது கட்டிப்போட்ட இடத்திலேயே கிடந்தது. காலையில் நான் நடத்திக் கூட்டிப் போகிறேன் என்று நானே போய்க் கேட்டேன். டீச்சருக்கு உதவி என்று அம்மா நினைத்தாள். உண்மையில் எனக்கு ஒரு போட்டோ வேண்டும், மலை பின்னால் தெரிய, நான் நாயோடு கிரிவலப் பாதையில் நடக்கிற மாதிரி. அதை உனக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்கும் பாதை இருக்கிறது, உங்கள் பாதையைவிடப் பழைய பாதை என்று காட்ட வேண்டும். விடியற்காலையில் ஈசான்ய லிங்கம் பக்கமாக இறங்கி குபேர லிங்கத்தை நோக்கி நடந்தேன். மலையை வலம் வருகிறவர்கள் எல்லாம் எனக்கு எதிரே வருகிறார்கள், ஒரு அம்மா நின்று, பெரியவரே, எதிர்ல வர்றீங்களே, பாவம் புடிச்சுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜிம்மியோ என்னை மதிக்கவே இல்லை, நான் வலப்பக்கம் இழுத்தால் அது இடப்பக்கம். நம் பாதையில் ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு நாய்க்கூட்டம், தன் எல்லைக்குள் வெளி நாயை விடாது. குபேர லிங்கம் தாண்டியதும் அஞ்சாறு நாய்கள் சுற்றிக்கொண்டு குரைத்தன, ஜிம்மி மிரண்டு கயிற்றை உருவிக்கொண்டு ஓடியே போய்விட்டது.

ஊரார் நாய், டீச்சர் அதைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார், என்ன பதில் சொல்வேன். கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன், வெயில் ஏறிவிட்டது, செருப்பு ஒன்று வார் அறுந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு அடி அண்ணாமலை வரைக்கும் போய்விட்டேன். அங்கே பாஞ்சாலை என்று ஒரு பெண்மணி இட்லிக் கடை போட்டிருக்கிறார், வெள்ள நாயா, பின்னால போய்ப் பாருங்க என்றார். கடைக்குப் பின்னால் புளியமரத்தடியில் காலி நிலம், நாலு பக்கமும் முள்வேலி. அங்கே எட்டு ஒன்பது தெரு நாய்களோடு நம் ஜிம்மி உருண்டு புரண்டு விளையாடிக்கொண்டிருக்கிறது. மிச்சம் மீதி சோற்றை அவர் தினமும் அங்கேதான் போடுவாராம், அவருடைய கணவர் வேலி போட்டிருக்கிறார், ரோட்டில் வண்டியில் அடிபடாமல் இருக்க. நான் ஜிம்மி ஜிம்மி என்று அதட்டிக் கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மா ச்சு ச்சு என்று கூப்பிட்டார், உடனே அவரிடம் ஓடியது. கண்ட அஞ்சே நிமிடத்தில் அவர்மேலும் எனக்குப் பொறாமை. அவர் என்னைப் பார்த்து, ஐயா, நின்னுக்கினு மெரட்னா எப்டி வரும், கொஞ்சம் கீழ குந்திக்கினு கூப்புடுங்க என்றார். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மெல்ல மண்ணில் உட்கார்ந்தேன். கூப்பிடவேகூட இல்லை, அதுவாக வந்து மடியில் தலையை வைத்தது. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து தினமும் அதைக் கூட்டிக்கொண்டு போகிறேன், ஆட்டோவில் அடி அண்ணாமலை போய், இப்போது நேர் திசையில்தான் நடக்கிறோம்.

இதெல்லாம் ஆவணியில் நடந்தது. பொறாமை கொஞ்சம் கம்மியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ பார்க்கிலிருந்து கூப்பிட்டு, வால்டர் உங்ககிட்ட பேசணுமாம்பா என்று போனை அவர் பக்கம் திருப்பினாய். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னவோ மெதுவாகச் சொன்னார், நீ கடலையைத் தடவிக்கொண்டே எனக்கு எடுத்துச் சொன்னாய். நான் ஒண்ணும் கத்துக் குடுக்கல, பக்கத்துல உக்காந்தேன் அவ்ளோதான்ங்கிறாருப்பா, மொத நாளே கண்ணாடி பாத்து, பின்னாடி பாத்து வண்டி எடுத்தியே, யார்கிட்ட கத்துக்கிட்டன்னு அப்ப கேட்டாரு, நான் எங்கப்பாகிட்டன்னு சொன்னேன் என்றாய். பள்ளிக்கூடம் போக அத்தனை வருஷம் என் பஸ்ஸில் இன்ஜின் பெட்டிமேல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாயே, என் காலையும் கையையும் பார்த்துக்கொண்டே வந்தாயாம். ஏரிக்கரை வளைவுல நீங்க கியர் எறக்குற எடம் இப்பவும் எனக்குத் தெரியும்பா என்றாய். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான் கொடுக்க மாட்டேன் என்றதை நீ அதற்கு முன்னாலேயே எடுத்து வைத்திருந்திருக்கிறாய், அதை எனக்குத் தெரியாமல் பத்திரமாக வைத்திருந்து, யாரிடமோ என் பெயரைச் சொல்லியிருக்கிறாய். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேறு யார் முன்னாலாவது என்றால் அழுதிருப்பேன், அந்த மனிதர் முன்னால் அழ மனம் வரவில்லை. அதனால்தான் கட் பண்ணினேன்.

கண்ணு, அன்று களத்தில் நான் சொன்னது தப்பு. பதினான்கு வருஷம் கழித்துச் சொல்கிறேன், தப்பு. போனில் இதைச் சொல்லியிருந்தால், விடுங்கப்பா என்று உடனே சொல்லிவிடுவாய், கடிதத்தில் என்றால் நீ பொறுமையாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன், வளவனிடம் சொல்லாதே, அவன் இன்னும் சுமாராகத்தான் ஓட்டுகிறான்.

வைகாசியில் விசா கிடைத்து நாங்கள் வரும்போது ஏர்போர்ட்டுக்கு நீயே வண்டி எடுத்து வர வேண்டும். உன் பக்கத்து சீட்டில் நான் உட்காருவேன், வால்டர் வருவதாக இருந்தால் அம்மாவோடு பின்னால் உட்காரட்டும். வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது, முயற்சி செய்வேன். அதுவரைக்கும் முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட்டுப் போ, தூக்கம் வந்தால் ஓரம் கட்டு, டயரில் காற்று பார். பனியில் நான் ஓட்டியதில்லை, அதை மட்டும் அவரிடமே கேட்டுக்கொள்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். உன் வயிறும் மனமும் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், போகிற வழியெல்லாம் உனக்குத் துணை இருக்க வேண்டும். அதிரசம் கெட்டியாக இருந்தால் ஆவியில் காட்டிச் சாப்பிடு, கடலைக்கு வெல்லம் கொடுக்காதே. வால்டருக்கு என் வணக்கத்தைச் சொல். உடனே சொல்ல வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தருமன்