நூற்றுப் பதினாறாம் குப்பி

கோம்பை
8-11-2009

அன்பு மகள் விஜிக்கு, அம்மா சந்தனம்மாள் எழுதுவது. அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. மழை நன்றாகப் பெய்து கிணறு நிறைந்து கிடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் இருக்கிற ஐந்து மாசமும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் சொல்ல இரண்டு தடவை எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன். சாலமன் சார் நாளை பெங்களூர் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். உட்கார்ந்து படி.

தீபாவளிக்கு வந்தபோது உன் ஆராய்ச்சியைச் சொன்னாய். ஐந்து வருஷத்துக்கு முன்னே நம்மூர்ப் பள்ளிக்கூட முகாமில் வீட்டுக்கு ஒருத்தர் கொடுத்த ரத்தத்தின் விவரம், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிகளில் எழுதி வைத்தது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறாயாம். கிட்னி கெடப்போகிறவர்களுக்கு வருஷக்கணக்கில் முன்னாலேயே ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் ஏறி நிற்கிறதாம். அது ஏறின எல்லாருக்கும் பின்னால் நோய் வந்திருக்கிறது, நூற்றுப் பதினாறாம் நம்பர் மட்டும் ஒத்துவரவில்லை, அந்த நம்பர் நீதாம்மா, நீ குத்துக்கல்லாட்டம் இருக்க என்று சிரித்தாய். ஏதோ தப்பு நடந்திருக்கும், அந்த வரியை எடுத்துவிடப் போகிறேன் என்றாய். நானும் சிரித்தேன்.

விஜி, அந்த ரத்தம் என்னுடையது இல்லை.

அது வீரபாண்டித் திருவிழா நேரம், அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டின கையில் ஊசி குத்தி ரத்தம் சிந்த மனசு ஒப்பவில்லை. நர்ஸ் ரோஸ்லின் வாசலுக்கே வந்து, உங்க வீட்டுல ஒருத்தரும் வராம இருந்தா எப்படி என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். திருவிழாவுக்காக மயிலாடும்பாறையிலிருந்து வந்திருந்த உன் அக்கா தேவயானிதான், இதுக்கா இம்புட்டு யோசனை, நான் போயிட்டு வாரேம்மா என்று என் பேர் போட்ட முகாம் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தவர்கள் மதுரைக்காரர்கள், அவர்களுக்கு முகம் தெரியாது. என் பேர் ஒட்டின குப்பியில் அவள் ரத்தத்தைப் பிடித்தார்கள்.

ஒரு மாசம் கழித்துச் சீட்டு வந்தது. ஏதோ கூடுதலாக இருக்கிறது, மறுபடி வந்து ரத்தம் கொடுங்கள் என்று. அவளை அனுப்பியிருக்க வேண்டும். ஆள் மாற்றினது தெரிந்தால் நாலு பேர் முன்னால் தலைகுனிவாகிவிடும் என்று, காப்பு அவிழ்த்த கையோடு நானே தேனி ஆஸ்பத்திரிக்குப் போய் நீட்டினேன். ஒண்ணுமில்ல, நல்லா இருக்கீகன்னு சொன்னாக. அந்தச் சந்தோஷத்தில் அரைக் கிலோ பூந்தி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். ரெண்டு பேரும் உட்கார்ந்து தின்றோம். இப்படி ஒரு மடச்சியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

ரெண்டு வருஷம் கழித்து, ஏழாம் மாசத்தில் அவளுக்குக் கால் வீங்கினபோது, பிள்ளைத்தாய்ச்சிக்கு இது சகஜம் என்று நான்தான் சொன்னேன். வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போனார்கள். பிரசவ வலிப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள், கிட்னியை ஒருத்தரும் பார்க்கவில்லை. மறுபடி பார்க்கச் சொன்ன சீட்டு என் பேரில் அல்லவா வந்திருந்தது.

இப்போதெல்லாம் யாராவது சந்தனம்மா என்று கூப்பிட்டால் திரும்பவே பயமாக இருக்கிறது. அந்தப் பேரில் அவள் ஐந்து வருஷமாக உன் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறாள், தங்கச்சி அடையாளம் கண்டுகொள்வாள் என்று. மீதி ரத்தம் இன்னும் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது என்றாயே. அவளை எரித்துச் சாம்பலையும் ஆற்றில் கரைத்தாயிற்று. அவள் உடம்பில் மிச்சம் அது ஒன்றுதான். கொட்டிவிடாதே.

போன வாரம் செருப்பு இறுக்கமாக இருக்கிறது என்றாய். உன் மாமியார் சகஜம் என்றாராம். அந்த வார்த்தையை நம்பாதே கண்ணு. அந்த வரியை எடுக்காமல், அதில் உன் அக்கா பேரை எழுது. கூடப் பிறந்தவள் நீ. இதைப் படித்ததும் எழுந்துபோய் உன் கையை நீட்டு. உன் பேரிலேயே கொடு. என்ன வந்தாலும் எனக்கு மறைக்காதே.

என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். நல்லபடி பெற்று ரெண்டு உயிராக எழுந்து வந்து, நீ என்னைத் திட்டுவதை நான் காதால் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தேவயானிக்கும் உனக்கும் அம்மா,
சந்தனம்மாள்