அப்பா அடிக்கும் கிறிஸ்துமஸ் கார்டு

மான்மவுத் ஜங்ஷன்
நவம்பர், சனிக்கிழமை

அன்பு மகள் ஆன்லினுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் துணையால் நானும் அப்பாவும் சுகம், குளிர் வந்ததும் என் முழங்கால் மட்டும் தன் பாட்டைத் தொடங்கிவிட்டது. சன்னிவேலில் நீயும் கவினும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் தினமும் கேட்கிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்வார், எனக்கோ பாதியில் அழுகை வந்துவிடும். அதனால் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், சந்தோஷத்தில் கையெழுத்து எங்கெங்கோ ஓடுகிறது. விஷயம் இதுதான், இந்த வருஷம் அப்பா கிறிஸ்துமஸ் கார்டு அடிக்கிறார், அதில் உன் பெயரோடு கவின் பெயரும் இருக்கிறது.

நீ கோர்ட்டில் கல்யாணம் செய்துகொண்ட பிறகு நம் வீட்டிலிருந்து ஒரு கார்டும் போகவில்லை, அது உனக்குத் தெரியாது. அதற்கு முன்பெல்லாம் நம் மூன்று பேர் படத்தைப் போட்டு டெக்சாஸ் சித்தப்பா முதல் பாளையங்கோட்டை பங்குச் சாமியார் வரை அனுப்புவார். உன் பெயரைப் போட்டால் வேற்று மதத்துப் பையன் பெயரையும் போட வேண்டும், போடாவிட்டால் ஊர் கேட்கும், எதற்கு வம்பு என்று கார்டையே நிறுத்திவிட்டார். மற்றவர்கள் அனுப்பும் கார்டுகளை நான் ஜன்னலில் கயிறு கட்டித் தொங்கவிடுவேன், அவர் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனோம். அங்கே கார்டு வைத்திருக்கிற வரிசையை நீ பார்த்திருப்பாய், அம்மாவுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்று, தபால்காரருக்கு ஒன்று, வளர்க்கிற நாய்க்குக்கூட ஒன்று. நான் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தால், மருமகனுக்கு என்று போட்டிருந்த கார்டுகளை அப்பா ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மறுபடியும் படிக்கிறார். ஒன்றையும் வாங்கவில்லை. காரில் ஏறியதும், எல்லாத்தையும் அவங்களே எழுதி வச்சுட்டா நாம என்னத்தச் சொல்ல, இந்த வருஷம் நாமளே அடிப்போம் அல்போன்சா என்றார். எனக்கு சீட் பெல்ட்கூடச் சரியாகப் போட வரவில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் காபிக்குக்கூட எழுந்திருக்கவில்லை. உன் அப்பாவுக்கு அச்சடிப்பது என்றால் கல்யாணப் பத்திரிகைதான் தெரியும். மேலே சிலுவை, அதற்குக் கீழே பைபிள் வசனம், பெரியவர்கள் ஆசியுடன் என்று போட்டு தாத்தா ஆச்சி பெயர்கள், எல்லார் பெயருக்குப் பின்னாலும் படிப்பு, சொந்த ஊர். எனக்கு பி.எஸ்சி. நர்சிங், அவருக்கு எம்.இ., உனக்கு எம்.எஸ். பாவம் குழந்தை யேசு, பிறந்தநாள் அவருக்கு, இடம் கிடைத்ததோ ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு. கிறிஸ்துமஸ் கார்டில் யாராவது படிப்பைப் போடுவார்களா என்று கேட்டேன், போட்டா என்ன, படிச்சதுதானே என்கிறார். கவின் பெயருக்குப் பின்னால் மட்டும் கமா போட்டு இடத்தைக் காலியாக விட்டிருந்தார். மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார்னு நான் கேக்கவே இல்லையே என்று என்னைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து மாப்பிள்ளை என்ற சொல் வந்தது அப்போதுதான்.

இனி உன் கையில்தான் இருக்கிறது. உங்கள் இருவர் படம் ஒன்று வேண்டும், அடுத்த வெள்ளிக்குள் வந்தால்தான் அச்சுக்குப் போகுமாம். அவரே உன்னிடம் கேட்கலாம், நீ முடியாது என்று சொல்லிவிடுவாயோ என்று பயப்படுகிறார். வீட்டுக்குக் கூப்பிடாம படத்த மட்டும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது என்கிறார். உன் கோபம் நியாயமானது, அதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. படம் அனுப்ப மனம் வராவிட்டாலும் ஒரு வார்த்தை எழுது, அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

படத்துக்கு இடம் விட்டு அப்பா கார்டை ஏற்றி வைத்திருக்கிற அச்சுக் கம்பெனியிலிருந்து நேற்று ஒரு பெண் கூப்பிட்டாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். கிறிஸ்துமஸ் கார்டு பக்கத்தில் தவறுதலாகக் கல்யாண அழைப்பை ஏற்றிவிட்டீர்கள் போலிருக்கிறது, மாற்றித் தரட்டுமா என்றாள். அப்பா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு, தவறு ஒன்றும் இல்லை, கல்யாண அழைப்புதான், என் மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, நான்தான் இப்போது அடிக்கிறேன் என்று தன் இங்கிலீஷில் சொன்னார். அவள் கங்கிராஜுலேஷன்ஸ் சார் என்றாள். ஆன்லின், உன் கல்யாணத்துக்காக உன் அப்பாவை வாழ்த்திய முதல் ஆள் அவள்தான். போனை வைத்த பிறகும் அவர் தாங்க்யூ, தாங்க்யூ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மழையில் ஃப்ரீவேயில் வேகமாகப் போகாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே, படத்தோடு மாப்பிள்ளையின் படிப்பையும் எழுது.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா
அல்போன்சா ரூஃபஸ்