டாரும் ஜெபக் கூட்டமும்

டிசம்பர் 9, இரவு.

காப்பிப் பழம் உரித்த கழிவுநீரை நாங்கள் குடிக்கும் ஓடையிலேயே விடுகிறது எஸ்டேட். படமெடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குப் பெயரில்லாமல் புகார் அனுப்பினேன். எஸ்டேட் வைஃபையைத் தொடவே இல்லை. ஒண்டிக்கடை ஜங்ஷன் வரை போய், அனுப்புகிறவனைக் காட்டிக்கொடுக்காத டார் பிரவுசரில் அனுப்பினேன்.

இன்று பழம் எடைபோடும் இடத்தில், எல்லார் முன்னாலும் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சிரிக்கிறார். "ஏனுங்க, உங்க புகாரு நல்லபடியா முடியோணும்னு எங்கூட்லயும் ஜெபிக்கிறோமுங்க."

நாளைக்கே எஸ்டேட் வீட்டைக் காலி செய்யச் சொன்னால்?

வந்து மனைவி ஸ்டெல்லாவிடம் கத்தினேன். ஜெபக் கூட்டத்தில் எல்லாரிடமும் சொல்லி ஜெபிக்கக் கேட்டிருக்கிறாள்.

"நொம்பப் பயமா இருந்துச்சுங்க. ஆனா உங்க பேரச் சொல்லலீங்க. எங்கூட்டுக்காரருன்னு மட்டுந்தானுங்க சொன்னேன்."

இவளுக்கு எத்தனை வீட்டுக்காரர்?